சாளரத்தடியிற் கவிஞர்

அண்மையிற் கவிதைத் தொகுதியொன்றின் வெளியீட்டு விழாவிற் பேசிய அன்பரொருவர், 2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு எம் கவிஞர்களுக்கு வாய்த்த வரப்பிரசாதம் என்றார். சந்தடி ஓய்ந்தது; வீடு தவச்சாலையாயிற்று; கவிஞன் தன்னுள்ளே திரும்பினான்; கவிதை பெருகிற்று என்பது அவர் கூற்றின் சாரம். சபையோர் கைதட்டினர். நானும் தட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வீடு திரும்பும் வழியிலேதான் அக்கூற்று என்னை உறுத்தத் தொடங்கிற்று.

எவருடைய வீடு? எவருடைய தனிமை? 2020 மார்ச் 20 ஆந் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, மாதச் சம்பளம் தவறாது வங்கிக்கு வந்துகொண்டிருந்த ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் அது ஓய்வாக இருந்தது. எம்மிற் பெரும்பாலான கவிஞர் இவ்விரு தொழிலினருள் அடங்குவர். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனுக்கு அது வேலையிழப்பு. அரசு இரு தடவை வழங்கிய 5,000 ரூபாவுக்காகப் பெயர்ப் பட்டியலிலே தன் பெயரைத் தேடி நின்ற காலம். விதியை மீறினார்களென்று 2020 மே மாத முடிவுக்குள் 60,000 பேருக்கு மேல் நாடெங்கும் கைதாகினர். அவர்கள் அனைவரும் உல்லாசமாக உலாவப் போனவர்களா? நாடு வீட்டினுள் இருந்த அந்நாட்களிலும் மலையகத்திற் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. தேயிலை அத்தியாவசியமாகிவிட்டது. அதனைப் பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கோ 2021 மார்ச் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அக்காலத்துக் கவிதைகளை மீட்டும் எடுத்துப் படித்தேன். சூம் வழியாக நடந்த கவியரங்குகளிற் கேட்டவற்றையும் நினைவுகூர்ந்தேன். எங்கும் ஒரு சாளரம், அதனருகே ஒரு கவிஞன், ஒரு குருவி, கழுவிவிட்டாற் போன்ற நீல வானம். வானம் தெளிந்தது உண்மையே. ஆனால் அது ஏன் தெளிந்தது என்று கேட்டவர் மிகச் சிலர். பேருந்து ஓடவில்லை, ஆகவே அதன் நடத்துநருக்கு வருவாயில்லை. தொழிற்சாலை மூடிக்கிடந்தது, ஆகவே விடுதி அறைகளில் இருந்த ஆடைத்தொழிற் பெண்கள் ஊர் திரும்பவும் வழியின்றித் தவித்தனர். அந்த நீலத்துக்கு விலை கொடுத்தவர்கள் கவிதைக்கு வெளியே நின்றார்கள்.

இனி, வீட்டுக்கு உள்ளேதான் பார்ப்போம். தவச்சாலை என்றாரே, அங்கே உலை வைத்தவர் யார்? என் வீட்டுச் செய்தியையே சொல்கிறேன். அவ்விரு மாதங்களில் நான் இருபத்தொரு கவிதைகள் எழுதினேன். என் மனைவியும் எழுதுபவள். பல்கலைக்கழக நாட்களில் என்னிலும் நன்றாக எழுதியவள். அவள் எழுதியது ஒன்றுமில்லை. பள்ளியும் கடையும் அலுவலகமும் மூடப்பட்டபோது அடுக்களை மட்டும் மூடப்படவில்லை. மூன்று வேளைச் சமையல், பிள்ளையின் பாடம், மாமியாரின் மருந்து, நடுவே எனக்குத் தேநீர். 'சத்தம் போடாதே, அப்பா எழுதுகிறார்' என்று அவள் பிள்ளையை அடக்கிய குரல் என் காதில் விழுந்துகொண்டேயிருந்தது. என் தனிமை அவளால் ஆக்கித் தரப்பட்டது. பெண் கவிஞர் ஒருவரிடம் ஊரடங்கின் படைப்பு வாழ்வைப் பற்றிக் கேளுங்கள். வரப்பிரசாதம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பது அரிது.

அகம் என்றால் வீட்டின் உட்புறம் என்று எம் கவிஞர் எண்ணிவிட்டார்கள் போலும். சங்கத்துப் புலவன் அகத்தைப் பாடும்போதே மலையையும் சுரத்தையும் நெய்தல் நிலத்து உழைப்பையும் உடன்கொண்டு வந்தான். தலைவியின் துயருக்குக்கூட நிலமும் பொழுதும் தொழிலும் வேண்டியிருந்தன. உரிப்பொருளோடு கருப்பொருளும் சேர்ந்து வருமென்பது எம் இலக்கணத்தின் பாலபாடம். ஆண்டுதோறும் மாணவருக்கு அதனைக் கற்பிக்கும் நானே எழுதும்போது மறந்தேன்!

எம் சாளரக் கவிதைகள் முகநூலிற் பூத்துக் குலுங்கிய அந்த நாட்களிலேதான், 2020 மே 16 ஆந் திகதி, மன்னாரைச் சேர்ந்த இளங் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். 2017 இல் வெளிவந்த 'நவரசம்' என்னும் அவரது தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதம் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதே தொகுதியில் இருந்தன. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அதனைச் சொல்லியிருக்கலாம். தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நாமல்லவா முதலிற் சொல்லியிருக்க வேண்டும்? சிலர் குரல் கொடுத்தனர், அறிக்கைகளிற் கையெழுத்திட்டனர், அவர்களை வணங்குகிறேன். ஏனையோர் குருவியைப் பாடினோம். 19 மாதங்களின் பின், 2021 டிசம்பரில், அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிலேதான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஊரடங்கில் அடைபட்ட கவிஞன் என்ற தொடருக்கு நேர்ப்பொருள் வேண்டுவோர் அங்கே தேடட்டும்.

நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டமை இன்னொன்று. புதைப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தடை சொல்லவில்லை. எனினும் 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான சிசுவொன்றும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் கம்பிக் கதவிலே மக்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அவற்றை அகற்றினார்கள், மக்கள் வேறிடங்களிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அத்துணியைக் கட்டிய கைகளுக்கு யாப்பும் தெரியாது, படிமமும் தெரியாது. ஆயினும் அந்த ஆண்டில் இந்நாட்டில் எழுந்த கவிதை எதுவென்று கேட்டால், நான் அக்கதவையே காட்டுவேன்.

கவிஞன் செய்தியாளன் அல்லன், குருவியைப் பாடுவதும் உண்மையே என்று நண்பர் சிலர் மறுப்பர். குருவியின்மீது எனக்குப் பகையில்லை. அதன் குரல் எவருடைய மௌனத்தால் எமக்குக் கேட்டது என்று அறியாத கவிதையோடுதான் என் வழக்கு.

அக்காலத்தில் வாட்ஸ்அப் மூலம் 'ஊரடங்கில் நான்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதும்படி பத்தாம் வகுப்புக்குப் பணித்திருந்தேன். வந்தவை சில. கைத்தொலைபேசி இல்லாத வீடுகள் பல. ஒரு மாணவியின் கட்டுரை இரவு பத்து மணிக்குமேல் வந்தது. அயல்வீட்டு அக்காவின் தொலைபேசியில் எடுத்த மங்கலான படம். அதில் வருணனை ஏதுமில்லை. கடனாக வாங்கிய பொருட்கள் மட்டும் வரிசையாக இருந்தன: அரிசி, பருப்பு, கால் கிலோ சீனி, ஒரு பாண். ஈற்றில், கடைக்கார மாமா இப்பொழுது கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று முடிந்திருந்தது. 'கற்பனை வளம் போதாது' என்று குறிப்பெழுதி, இருபதுக்கு ஒன்பது புள்ளி இட்டேன். அவ்வாரம் நான் எழுதிய கவிதை பக்கத்து வளவு மாமரத்துக் குயிலைப் பற்றியது.