கம்போளம் வரைக்கும்தானே!

என்னிடம் இருப்பது 1982 மாடல் புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, நிதானமாக உதைத்தால்தான் உயிர் வரும். மழை, வெயில் படாமல் உறை போட்டு வைத்திருக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். வண்டிக்கு உறை உண்டு, தலைக்குத்தான் இல்லை.

“ஓய், கம்போளம் வரைக்கும்தானே, அதுக்கு எதுக்கு ஹெல்மெட்?” என்று கேட்ட நண்பர், போன மாதம் சவேரியார் கோவில் பக்கம் நாய் குறுக்கே ஓடியதில் விழுந்தார். வேகம் 20 கூட இருக்காது. இன்றைக்கு மகன் பெயர் அவருக்கு நினைவில்லை.

2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். நாமோ போலீசைக் கண்டால் மட்டும் மாட்டுகிறோம். பின்னால் ஒரு பக்கமாக உட்காரும் வீட்டம்மாவுக்கு அதுவும் கிடையாது. பேரன் சைலன்சரை மாற்றினால் மட்டும் சட்டம் பேசுகிறோம்!

வேர்க்கும், காது கேட்காது என்பீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். நண்பரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றே இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

இனி கம்போளத்தில் வெறுந்தலையோடு வண்டியில் கண்டால், வயது பார்க்காமல் ஏசுவேன். கோபிக்க வேண்டாம்.