‘பை’ கற்கும் பிள்ளைக்குக் ‘கொள்’ தெரியுமா?

ஆங்கிலம் கற்பது குற்றமன்று. எம்மொழியையும் எவரும் கற்கலாம். ஆனால் தன் மொழியின் வினைச்சொல்லை அறியாதவன் பிறமொழியின் வினைச்சொல்லை எவ்வாறு செவ்வையாகக் கற்பான் என்பதே நம் வினா. இதற்கு விடைகாண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடைத்தெருவில் நாள்தோறும் வழங்கும் ‘பை’ என்னும் ஆங்கில வினை ஒன்றே போதும். நாம் கடைக்கு எடுத்துச் செல்லும் துணிப்பையைச் சொல்லவில்லை. விலைகொடுத்துப் பெறுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே சொல்கின்றோம்.

நம் பள்ளிகளில் இச்சொல் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது? ‘பை, பாட், பாட்’ என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றனர். ‘பை என்றால் வாங்கு’ என்று கரும்பலகையில் பொருள் எழுதப்படுகின்றது. பாடம் முடிந்தது! சில நாள்களில் ஆங்கிலம் பேசவைப்பதாகப் பறையறைந்து விற்கும் நூல்களும் இந்த ஒரு சொல்லையே எதிரே எழுதிவிட்டுக் கடமையை முடித்துக்கொள்கின்றன. கேடு தொடங்குமிடம் இதுவே.

‘வாங்கு’ என்னும் சொல்லின் பரப்பைப் பாருங்கள். கடையில் அரிசி வாங்குகிறோம். அண்டை வீட்டாரிடம் கடன் வாங்குகிறோம். மாணவன் மதிப்பெண் வாங்குகிறான். குறும்பு செய்தால் அடியும் வாங்குகிறான். பகைவன் பழிவாங்குகிறான். படியேறிய முதியவர்க்கு மூச்சு வாங்குகிறது. பண்டைத் தமிழில் இச்சொல்லுக்கு வளைத்தல், இழுத்தல் என்னும் பொருள்கள் உண்டு; வில்லை வாங்குதல் என்றால் நாணை இழுத்து வளைத்தல். ஒன்றைப் பெறுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. விலைகொடுத்துப் பெறுதல் அப்பெறுதலின் ஒரு வகையே.

ஆங்கிலப் ‘பை’ இத்துணை அகன்றதன்று. விலைகொடுத்துப் பெறுதலுக்கே அது பெரிதும் உரியது. கடனுக்கு வேறு வினை, மதிப்பெண்ணுக்கு வேறு வினை, பழிக்கு வேறு வினை என ஆங்கிலம் தனித்தனியே வைத்திருக்கின்றது. ‘பை என்றால் வாங்கு’ என்று மட்டும் கற்ற பிள்ளை, அடியையும் கடனையும் விலைகொடுத்துப் பெற்றதாகப் பொருள்படும்படி ஆங்கிலம் எழுதுவானாயின், பிழை அவனுடையதா? தமிழின் பொருள் நுணுக்கத்தை அவனுக்கு எடுத்துக்காட்டாத பயிற்றுமுறையின் பிழையன்றோ?

‘பை என்றால் விலைக்குக் கொள்’ என்று கற்பித்திருந்தால் இக்குழப்பம் எழுந்திராது. ‘கொள்’ என்பது இன்று நாம் புனைந்த சொல்லன்று. நெல்லுக்கு உப்பை மாற்றித் தெருவில் கூவி விற்கும் உமணப் பெண்ணை அகநானூறு காட்டுகின்றது. ஊராரை நோக்கி அவள் கேட்கும் கேள்வியில் உள்ள வினை ‘கொள்’ என்பதே. புகார் வணிகர்தம் நேர்மையைப் பட்டினப்பாலை பாராட்டுமிடத்திலும் அவ்வினையே ஆளப்படுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி விலைக்கு வாங்குதலை ‘கொள்’ளின் பொருள்களுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. தெலுங்கர் இன்றும் ‘கொனு’ என்கின்றனர். கன்னடர் ‘கொள்ளு’ என்கின்றனர். உறவுமொழியார் காத்துவைத்திருப்பதை நாம் மறந்திருப்பது வெட்கக்கேடு!

முற்றும் மறந்தோமா? இல்லை. 1972-இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல்லைப் பெறும் இடத்திற்கு இன்றும் ‘கொள்முதல் நிலையம்’ என்றே பெயர். தஞ்சை உழவன் மூட்டையை ஏற்றிக்கொண்டு செல்லும்போது எந்த ஆங்கிலச் சொல்லையும் தேடுவதில்லை. ஈழத்தமிழர் அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் ‘கொள்வனவு’ என எழுதுகின்றனர். உழவன் வாயிலும் ஈழத்தான் எழுத்திலும் உயிரோடிருக்கும் வேர், நகரத்துப் படித்தவன் நாவில் மட்டும் ஏன் பட்டுப்போயிற்று?

அவன் நாவில் இன்று இருப்பது ‘பர்ச்சேசு பண்ணினேன்’ என்னும் இருதலைப் பிறவி! ‘கொள்’ என்னும் வேரிலிருந்து கொண்டான், கொள்கிறான், கொள்வான், கொள்வோர், கொள்முதல், கொள்விலை, கொள்வனவு எனக் கிளை பல விரியும். ‘பர்ச்சேசு’ தமிழில் ஓர் இலையும் தழைக்காது. காலத்தையும் இடத்தையும் காட்டுவதற்குப் ‘பண்ணு’ என்னும் ஊன்றுகோல் அதற்கு வேண்டும். பெயர்ச்சொல்லைக் கடன்பெறும் மொழி ஆடையைக் கடன்பெறுகின்றது; வினைச்சொல்லைக் கடன்பெறும் மொழியோ காலையே வெட்டிக்கொண்டு கட்டைக்கால் பூட்டிக்கொள்கின்றது.

இனி, இவர்கள் போற்றும் ஆங்கிலர் வரலாற்றையே பார்ப்போம். 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரஞ்சு ஏறி அமர்ந்தது. வழக்குகளை ஆங்கிலத்தில் உரைத்தல் வேண்டும் என்னும் சட்டம் 1362-இல் தான் வந்தது. அச்சட்டமும் பிரஞ்சிலேயே எழுதப்பட்டது! அப் பிரஞ்சின் வழியே ஆங்கிலத்திற்குள் புகுந்ததுதான் ‘பர்ச்சேசு’. துரத்திச் சென்று அடைதல் என்பதே அதன் முதற்பொருள். ‘பை’யோ பழைய ஆங்கிலத்தின் சொந்த வினை. ‘பாட்’ என்பதன் எழுத்தினிடையே இன்று ஒலியாமல் நிற்கும் ஈரெழுத்துகள், ஒருகாலத்தில் தொண்டையில் ஒலித்த மெய்யின் அடையாளம். ஆண்டவர் மொழியிலிருந்து ஆயிரக்கணக்கில் சொற்கள் வந்து குவிந்தும், சந்தையில் நின்ற ஆங்கில உழவன் தன் ‘பை’யை விடவில்லை. பத்திரத்தில் ‘பர்ச்சேசு’ ஏறியது. வாயில் ‘பை’ நின்றது. அவர்கள் விடாது காத்தது தம் வினைச்சொல்லை. நாம் விழுந்து பொறுக்குவதோ அவர்கள் பிறரிடம் பெற்ற கடன்சொல்லை! இதுவா ஆங்கிலம் கற்ற பயன்?

‘வாங்கு’ தமிழ்ச்சொல் தானே, அதையும் விலக்குவீர்களோ என்று சிலர் கேட்பர். விலக்கோம். அதன் நுணுக்கத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்கின்றோம். வாங்கிக்கொள் என்றால் தனக்கு. வாங்கிக்கொடு என்றால் பிறர்க்கு. வாங்கிவை என்றால் பின்னைப் பயன்பாட்டிற்கு. வாங்கிவா என்றால் சென்று மீள்வதும் அடங்கும். ஒரு துணைவினையில் தமிழ் உணர்த்தும் இவ்வேறுபாடுகளை ஆங்கிலம் வேறு சொற்களைக் கூட்டியே உணர்த்தும். ‘எனக்கு ஒரு நூல் வாங்கிக்கொடு’ என்பதில் பெறுவோனைக் காட்டுவது நான்காம் வேற்றுமையின் ‘கு’. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. ‘பை’யை அடுத்துப் பெறுவோனையும், அவனை அடுத்துப் பொருளையும் நிறுத்தும் சொல்வரிசையே அங்கு அவ்வுருபின் பணியைச் செய்யும். ‘கு’வின் ஆற்றலை உணர்ந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு நொடியில் விளங்கும். உணராத பிள்ளை மனப்பாடம் செய்து, விலைக்குக் கொண்டதைச் சொல்லும் ‘பாட்’டையும் கொண்டுவந்ததைச் சொல்லும் ‘பிராட்’டையும் ஒன்றோடொன்று குழப்பித் தேர்வுத்தாளில் தடுமாறும்.

‘வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் வேண்டாவா?’ என்பது அடுத்த கேள்வி. வேண்டுமாயின் ஒழுங்காகக் கற்க வேண்டும் என்பதைத்தானே நாம் சொல்கின்றோம்! தமிழும் அரைகுறை, ஆங்கிலமும் அரைகுறை என நிற்பவனுக்கு எந்த அலுவலகம் கதவு திறக்கும்? மூன்று அகவைப் பிள்ளையின் வாயில் தமிழ் வினை வேரூன்றுமுன் ஆங்கிலத்தைத் திணித்து, பெரும்பணமும் கட்டி, இரு மொழியும் இல்லாதவனாக அவனை வளர்ப்பதற்குப் பெயர் கல்வியா?

ஆசிரியப் பெருமக்களே! ‘பை’யைக் கற்பிக்கும் நாளில் ‘கொள்’ளையும் கற்பியுங்கள். இரண்டின் எல்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். வணிகப் பெருமக்களே! பற்றுச்சீட்டில் ‘கொள்விலை’, ‘விற்பனை விலை’ என அச்சிடுங்கள். கைப்பேசிவழி விற்போர் ‘பை நௌ’ என்று பொறிக்கும் பொத்தானில் ‘இப்பொழுதே வாங்குக’ என்று பொறித்தால் பொருள் விலைபோகாதா? தாய்மாரே! கடைக்குப் போய்வந்த பிள்ளை ‘பர்ச்சேசு பண்ணினேன்’ என்றால் பெருமையோடு சிரியாதீர், ‘என்ன வாங்கினாய்?’ என்று தமிழில் திரும்பக் கேளுங்கள்.

விற்கவும் கொள்ளவும் கடல் கடந்த இனம் நாம். கொள்வதற்கான சொல்லையே பிறரிடம் கடனாகக் கேட்டு நிற்பது நமக்குத் தகுமா? ஆங்கிலத்தை ஆங்கிலமாகக் கற்போம். தமிழைத் தமிழாகப் பேசுவோம்!