வேப்பமரத்துக் குழாயும் கிங்ஸ்டன் வீதியும்

மதுரைக் கோச்சடையில் ஐயனார் கோயில் உற்சவம் வந்துவிட்டது என்பதை, மேலக்கால் சாலையோரத்து வேப்பமரத்தில் ஏறிய குழாய் ஒலிபெருக்கியே எங்கள் பால்யத்தில் எங்களுக்கு முதலில் சொல்லும். ரேடியோ செட்டுக்காரர் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கி, கிளையோடு குழாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒன்றின் வாயை வைகைக் கரைக்கும் மற்றொன்றின் வாயை வயற்காட்டுக்கும் திருப்பிவைத்து, இசைத்தட்டை மெல்லிய துணியால் துடைத்து, மைக்கின் தலையை விரலால் இருமுறை தட்டிப் பார்ப்பதை, பூஜையைப் பார்க்கும் அதே பயபக்தியோடு சிறுவர்களாகிய நாங்கள் சூழ்ந்து நின்று பார்த்தோம். விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகு இதே மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாட்டு, பொழுது சாய்ந்ததும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு என்று வேளைக்கு வேளை ஜனங்களின் மனநிலையை அறிந்து தட்டை மாற்றிய அவருக்கு, உற்சவப் பத்திரிகையில் கிடைத்த இடமோ நாதஸ்வர வித்துவானுக்கும் கரகாட்டக் கோஷ்டிக்கும் வெகு கீழே, கடைசி வரியில், 'ஒலி, ஒளி அமைப்பு' என்ற சிற்றெழுத்துதான். அவர் தொழிலும் ஒரு கலையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை மிகையென்று கருதுவோர் ஜமைக்காத் தீவின் சரித்திரத்தைச் சற்று நோக்க வேண்டும். 1940களின் பிற்பகுதியில், அதன் தலைநகரான கிங்ஸ்டனில், பாண்டு வாத்தியக் கோஷ்டியை அமர்த்தப் பொருளும், செல்வர் கூடும் மண்டபங்களுக்குள் நுழைய உரிமையும் இல்லாத ஏழை ஜனங்கள், திறந்த வெளியில் ஓர் ஆம்பிளிஃபையரையும், இசைத்தட்டுக் கருவியையும், அலமாரி உயரத்துக்கு அடுக்கிய ஒலிப்பெட்டிகளையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஆடினார்கள். அந்த ஏற்பாட்டுக்குச் 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர் வந்தது. சீன வம்சத்தவரான டாம் வாங், போலீஸ் உத்தியோகத்தை விட்டு வந்த டியூக் ரீட், காக்ஸன் டாட் ஆகியோர் ஒருவரையொருவர் மிஞ்ச முயன்றார்கள். ஹெட்லி ஜோன்ஸ் என்ற நிபுணர் ஆம்பிளிஃபையர்களைத் தம் கையாலேயே செய்து கொடுத்தார். தட்டைத் தேர்ந்தெடுப்பவர் 'செலக்டர்' என்றும், மைக்கில் தாளம் தவறாமல் பேசுபவர் 'டீஜே' என்றும் கௌரவம் பெற்றார்கள். பிறரிடம் இல்லாத பாட்டு தம்மிடம் இருக்கவேண்டும் என்ற போட்டியே அவர்களை ஒலிப்பதிவில் இறக்கியது; அந்த முயற்சியின் வழியே புதிய இசைவகைகளாக ஸ்கா பிறந்தது, ராக்ஸ்டெடி பிறந்தது, ரெகே பிறந்தது. 2018இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ரெகேயை மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தபோது, வீதியோரத்துப் பெட்டி அடுக்குகளுக்கும் அந்தக் கௌரவத்தில் பங்கிருந்தது.

ஜமைக்காவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனவர்கள் இந்தக் கலையையும் உடன் கொண்டுபோனார்கள். 1958இல் நாட்டிங் ஹில் பகுதியில் நிறவெறிக் கலவரம் மூண்டு அவர்கள் மனம் புண்பட்டிருந்த வேளையில், டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்ற பத்திரிகையாசிரியை, 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் கரீபியன் கார்னிவலை நடத்தினார். 1966இல் ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி நாட்டிங் ஹில் வீதிகளிலேயே ஒரு விழாவை எடுத்தார்; 1973இல் லெஸ்லி பால்மர் சவுண்ட் சிஸ்டங்களைத் தெருமுனைகளில் நிறுத்தினார். அதன் பிறகு அது நுழைவுக் கட்டணம் எதுவுமின்றி லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் மகோற்சவமாக வளர்ந்தது. அங்கே பெட்டிகள் இருட்டும்வரைகூட ஒலிப்பதில்லை. மாலை 7 மணிக்கே ஓய்ந்துவிடுகின்றன. நியமத்தை ஏற்றுக்கொண்டதனால் அந்த விழாவின் உற்சாகம் ஒரு துளியும் குறையவில்லை என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரீபியன் கடல் நமக்கு அந்நியமான கடலும் அல்ல. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள், 1853இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854இல் குவாதலூப் தீவுக்கும் நம்மவரைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் போனவர்களும் அநேகர். அவர்களுடைய சந்ததியார் பேச்சில் தமிழ் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. ஆயினும் மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. நம் மதுரை வீரன் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் 'மால்தேவிலன்' என்று நாவில் திரிந்து, இன்றும் பலி ஏற்று நிற்கிறான். கயானாவின் அம்மன் கோயில்களில் அடிக்கப்படும் தோல்கருவிக்குப் பெயர் தப்பு. குவாதலூப்பில் நம்மவர் நடத்தும் கூத்துக்கு 'நாதுரோன்' என்று பெயர், அதாவது நாடகம். பாஷை போனபின்பும் தாளம் போகவில்லை என்றால், ஒரு ஜனசமூகத்தின் ஞாபகம் எதில் தங்கியிருக்கிறது என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

அப்படிப்பட்ட தாளம் பிறந்த மண்ணில், ஒலியைப் பற்றிய நமது விவாதமெல்லாம் தடையோடு தொடங்கித் தடையோடு முடிகிறது. தடைக்கு நியாயமே இல்லையென்று நான் வாதிடமாட்டேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், நோயில் படுத்த முதியவரும், தொட்டிலில் உறங்கும் குழந்தையும் ஊரில் உண்டு. அவர்கள் காதின்மேல் நமக்கு உரிமையில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியை விலக்குவதும், பொதுவிடத்தின் எல்லையில் 75 டெசிபலுக்கு மேல் ஒலி போகலாகாது என்பதும் முறையானவையே. ஆனால் விதியைக் கற்பிக்காமல், கருவியைப் பறிமுதல் செய்வதை மட்டுமே பரிகாரமாகக் கருதினால், செட்டுக்காரர் குற்றவாளியாகிறாரேயன்றி ஒலி திருந்துவதில்லை.

ஒலியின் சுபாவத்தை அறிந்தால் பரிகாரமும் எளிது. குழாயின் குறுகிய கழுத்தில் அதிரும் சிறு சவ்வின் ஓசை, படிப்படியாக விரியும் வாயின் வழியே காற்றில் கலப்பதால், சொற்ப மின்சக்தியிலேயே வயல்களைத் தாண்டிப் போகிறது. வீடுகள் சிதறிக் கிடந்த காலத்துக்கு அது பொருத்தமான கருவி. மேலக்கால் சாலையின் இருபுறமும் மாடிவீடுகள் நெருங்கிவிட்ட இன்று, மரத்தின் உச்சியிலிருந்து ஊரையே நோக்கிப் பேசும் குழாய்க்குப் பதிலாக, கூட்டத்தின் நடுவே சிறு பெட்டிகள் பலவற்றைத் தாழ்வாகப் பரப்பிவைத்தால், கேட்க வந்தவருக்குக் குறைவில்லை. கேட்க விரும்பாதவருக்குத் துன்பமும் குறையும். இந்த நுட்பத்தை ஊர்தோறும் உள்ள சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு அழைத்துக் கற்பிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமியக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நிறுத்தி, அனுமதிச் சீட்டின்றி எல்லாரும் காணச் செய்தது. சித்திரை மாதத்தில் கள்ளழகர் இறங்கும் வைகைக்கு, கட்டணமில்லாப் பெருவிழாவை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வைகையின் கரையில், எங்கள் கோச்சடைப் பக்கத்தில், வருஷத்தில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், அளவுக்குட்பட்ட ஒலியில், கயானாவின் தப்புக்காரரும் மதுரைச் சீமையின் தப்புக்காரரும் எதிரெதிரே நின்று அடிக்க, கிங்ஸ்டனின் பெட்டியடுக்கும் நம் செட்டுக்காரரின் பெட்டிகளும் முறைவைத்து ஒலிக்க ஒரு விழா நடக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. மாநகராட்சியும், கலை பண்பாட்டுத் துறையும், கோயில் ஊராரும் மனம் ஒன்றினால் அது ஆகாத காரியமல்ல. அந்த விழாவின் பத்திரிகையை அச்சிடும்போது, 'ஒலி, ஒளி அமைப்பு' என்ற வரியைக் கடைசியிலிருந்து எடுத்து, வித்துவான்களின் பெயர்களோடு சமமான எழுத்தில், அந்த மனிதரின் முழுப் பெயரோடு போடவேண்டும். மற்றவையெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கும்.