பூட்டும் சீட்டும்தான் நிர்வாகமா?

விடுமுறை விட்டதும் நெல்லைச் சீமைக்கு வரும் கார்களின் வழித்தடம் ஊரறிந்தது. கல்லிடைக்குறிச்சியில் காலை டிபன், மணிமுத்தாறு அருவியில் முதல் குளியல், அங்கிருந்து அம்பாசமுத்திரம் தாண்டி பாபநாசம் படித்துறை, மேலே ஏறி அகஸ்தியர் அருவி, பொழுது சாய்வதற்குள் ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி, இரவுக்குக் குற்றாலம். பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்டியில் ஏறி, தாமிரபரணியையும் அதில் வந்து சேரும் மணிமுத்தாற்றையும் சிற்றாற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இத்தனை அருவிகளை இவ்வளவு குறைந்த தூரத்தில் வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

அப்படி வரும் குடும்பத்துக்கு நெல்லை, தென்காசி ஆகிய இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் துறைகளும் தருவது இரண்டே இரண்டுதான். தண்ணீர் குறைவாக இருந்தால் நுழைவுச் சீட்டு. தண்ணீர் அதிகமாக இருந்தால் பூட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார்கள். அந்த வேலையின் பெயர் பாதுகாப்பு. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. கோடை மழையில் திடீரென்று பெருகி வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அலறியடித்து ஓடிய காட்சியை நாடே கைபேசியில் பார்த்தது. பிறகு நடந்ததும் வழக்கமான கதைதான். அருவிகளில் குளிக்கத் தடை, அதிகாரிகள் ஆய்வு, புதிய நேரக் கட்டுப்பாடு, பிறகு மறுபடியும் திறப்பு. இடையில், பழைய குற்றாலம் யார் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. வனத்துறை தன் பொறுப்பில் எடுக்க முனைந்தது, ஊர் மக்கள் எதிர்த்தார்கள். அருவி யாருக்குச் சொந்தம் என்று வாதாட ஆள் இருக்கிறது. அதன் கீழே நிற்கிறவன் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் கூடத்தில் ஒருவரும் இல்லை.

குற்றாலத்தின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆபத்து புதிதல்ல. மழை கீழே பெய்ய வேண்டியதில்லை. மலை முகட்டில், கேரள எல்லையை ஒட்டிய காட்டில் கொட்டினால் போதும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருப்பார். மேலிருந்து வெள்ளம் இறங்கிக்கொண்டிருக்கும். குற்றாலத்தின் முதன்மை அருவியான பேரருவியில் தண்ணீர் நேராகத் தலைமேல் விழுவதில்லை. பொங்குமாகடல் என்ற ஆழமான தடாகத்தில் முதலில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கி வழிகிறது. இயற்கையே வைத்த தடுப்பு அது. அந்தப் பேரருவியிலேயே தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டும் நாட்கள் உண்டு என்றால், மற்ற அருவிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளம் வருமுன் அறிகுறி காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கும், பிறகு செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். உள்ளூர்க்காரர் அதைப் பார்த்ததுமே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறிவிடுவார். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்தவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை. அருவிக்கு நேர் கீழே நிற்கிறவர் கண்ணை மூடியிருப்பார், காது முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். போலீஸ்காரர் பத்தடி தள்ளி நின்று ஊதும் விசில் அவர் காதில் விழவே விழாது. இந்த எளிய உண்மையை யோசித்து ஏற்பாடு செய்வதுதான் நிர்வாகம். மலைமேல் மழைமானிகள், அவற்றோடு இணைந்த அபாயச் சங்கு, காது கேட்காத இடத்திலும் கண்ணில் படும்படி சுழலும் சிவப்பு விளக்கு, தண்ணீருக்குள் இறங்கிக் கையைப் பிடித்து இழுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள். இவையெல்லாம் ராக்கெட் விடுகிற அளவுக்குப் பெரிய செலவு பிடிப்பவையா? மேலே எவ்வளவு மழை பெய்தால், எத்தனை நிமிடத்துக்குள் கீழே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற விதி ஒவ்வொரு அருவிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்து அலுவலகக் கோப்பில் தூங்காமல் அருவி வாசலில் எல்லோரும் படிக்கும்படி நிற்க வேண்டும்.

பூட்டுப் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுவோம். தடை தவறென்று நாம் சொல்லவில்லை. வெள்ளம் வரும்போது பூட்டத்தான் வேண்டும். ஆனால் முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த குடும்பத்துக்கு, மணிமுத்தாறு மூடியிருக்கிறது என்ற செய்தி செக்போஸ்ட்டில்தான் தெரிய வேண்டுமா? கிளம்பும் முன்பே எந்த அருவி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஏன் என்று பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஏற்பாடு வேண்டும். புலிகள் கணக்கெடுப்புக்காக அகஸ்தியர் அருவிப் பாதையை மூடுவதும் இப்படித்தான் பலருக்கு வாசலில் தெரிகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் சும்மா திரும்பிப் போவதில்லை. எங்காவது ஆற்றோரம் வண்டியை நிறுத்தி, பாறையும் சுழியும் எங்கே என்று தெரியாத இடத்தில் குழந்தைகளை இறக்கிவிடுகிறார்கள். ஒரு பூட்டு ஒரு ஆபத்தைத் தடுத்து, வேறு ஆபத்துக்கு வழி விடுகிறது. (தடை வந்த மறுநாள் நாளிதழ்கள் எல்லாம் “சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்” என்றே தலைப்புப் போடுவதையும் நிறுத்தலாம். உயிர் பிழைத்தவர்களுக்கு என்ன ஏமாற்றம்?)

அடுத்தது பாபநாசம். பொதிகையில் பிறந்த தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடம். பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே படித்துறையில் நின்று தண்ணீரைக் குனிந்து பாருங்கள். பொரி போடும் பிள்ளைகளைச் சுற்றி மீன்கள் மொய்க்கும். அந்த மீன்களுக்குக் கீழே பாறை இடுக்கில் ஆடிக்கொண்டிருப்பது பாசி அல்ல. வேட்டி, சேலை, நைட்டி, குழந்தையின் உள்சட்டை. பரிகாரம் என்ற பெயரில் உடுத்தி வந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இங்கே பழகிப்போய்விட்டது. தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளி எடுக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் நிரம்பிவிடுகிறது. நீரில் ஊறிக் கனத்த சேலை, இறங்குகிறவர் காலில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் வயிறு கலங்கும்.

இந்த வழக்கத்துக்கு யார் பொறுப்பு? துணியை விடச் சொல்லி அனுப்பும் ஜோதிடருக்கு அதில் ஒரு காசு செலவில்லை. கோயிலை நிர்வகிக்கும் அறநிலையத் துறை, “படித்துறை எங்கள் எல்லைக்குள் வராது” என்று ஒதுங்க முடியாது. பக்தர் வருவது அந்தக் கோயிலுக்குத்தான். நைலானையும் பாலியெஸ்டரையும் ஆற்றில் விடச் சொல்லும் சாத்திரம் எதுவும் இல்லை. அதைக் கோயில் ஒலிபெருக்கியிலேயே அர்ச்சகர் வாயால் சொல்ல வைக்கலாம். துணிக்கென்று கரையில் தொட்டி வைக்கலாம். அதையும் மீறி ஆற்றில் எறிகிறவரிடம், கூட்டத்தின் எதிரிலேயே அபராதம் வசூலிக்கலாம்.

இதே தண்ணீர் இங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாக நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வயல்களுக்குப் போகிறது. ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகள் வழியாக நெல்லை, தூத்துக்குடி வீடுகளின் குடத்துக்குப் போகிறது. வழியில் நகரங்களின் சாக்கடை கலப்பது வேறு கதை. அதற்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதிகாரிகளைக் கேள்வி கேட்டும் நிலைமை பெரிதாக மாறவில்லை. காட்டை விட்டு வெளியே வந்த முதல் மைலிலேயே ஆறு இந்தக் கதியில் இருந்தால், கீழே இருப்பவர் எதைக் குடிப்பது?

சோப்பு, ஷாம்பு விவகாரமும் இதே லட்சணம்தான். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த நீதிமன்றமே தடை விதித்திருக்கிறது. பலகையும் இருக்கிறது. பலகைக்குப் பத்தடி தள்ளி கடைவாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் தோரணம்போல் தொங்குகின்றன. விற்கவும் அனுமதி, பயன்படுத்தவும் தடை! வண்டியை நிறுத்தியதும் பத்து எட்டில் ஓடி வந்து கட்டணம் கேட்கும் ஊழியருக்கு, அந்தக் கடைத் தோரணம் மட்டும் கண்ணில் படுவதில்லை.

பெண்கள் படும் பாட்டை எழுதினால் தனித் தலையங்கம் ஆகும். சுருக்கமாகச் சொல்கிறோம். ஈரத் துணியோடு வெளியே வரும் பெண், உடை மாற்றும் அறை முன்னால் நீளும் வரிசையைப் பார்த்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துக்கே நடக்கிறாள். இரண்டு கார்களுக்கு நடுவில், தங்கை பிடித்த துண்டின் மறைவில் உடை மாற்றுகிறாள். சுற்றிலும் எல்லோர் கையிலும் கேமரா வைத்த கைபேசி இருக்கும் காலம் இது. கூட்டம் வரும் என்று தெரிந்தே சாரல் விழா நடத்தி அழைக்கும் அரசு, அழைத்து வந்த பெண்களுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய நான்கு அறைகளைக் கூடுதலாகக் கட்டித் தர முடியாதா? கட்டியவற்றில் வெளிச்சமும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று தினமும் ஒரு முறை யாராவது எட்டிப் பார்க்கிறார்களா?

வருகிறவர்களையும் விட்டுவிட முடியாது. களக்காடு முண்டந்துறை, 1988இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அகஸ்தியர் அருவிக்கும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கும் போகிறவர்கள் அதற்குள்தான் போகிறார்கள். செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டும்போது பிளாஸ்டிக் இல்லை என்று சாதித்துவிட்டு, வளைவு திரும்பியதும் ஜன்னல் வழியாக எறிகிறவர் படிக்காதவர் இல்லை. குரங்குக்குச் சிப்ஸ் ஊட்டிப் படம் எடுக்கும் தகப்பனார், நாளைக்கு அதே குரங்கு இன்னொருவர் குழந்தையின் கையைக் கடிக்கும்போது எங்கே இருப்பார்? போலீஸ் கட்டிய கயிற்றைத் தாண்டி, வழுக்குப் பாறையில் ஏறி, பிள்ளையைத் தோளில் வைத்து ரீல்ஸ் எடுப்பது வீரமும் இல்லை, பாசமும் இல்லை. குடித்துவிட்டு அருவியில் இறங்குகிறவர்களைக் குடும்பத்தினர் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது அதைவிடக் கேடு. பாட்டில் உடைந்தால் கண்ணாடி பாறை இடுக்கில்தான் கிடக்கும். அடுத்து வருகிறவர் வெறுங்காலோடுதான் இறங்குவார்.

ஆனாலும் குற்றம் சமமாகப் பங்கிடத் தக்கதல்ல. ஒருநாள் வந்து போகிற குடும்பத்துக்கு இந்த மலை தெரியாது. தெரிந்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணமாகவும் வண்டி நிறுத்தக் கட்டணமாகவும் கடை ஏலமாகவும் வரும் பணம் எவ்வளவு, அதில் அருவிக்குத் திரும்பச் செலவாவது எவ்வளவு என்ற கணக்கை யாரும் மக்கள் முன் வைப்பதில்லை. பேரூராட்சி, ஊராட்சி, வனத்துறை, நீர்வளத்துறை, காவல்துறை, அறநிலையத் துறை என்று ஆறு கைகள் வாங்கும் இடத்தில், விபத்து நடந்த அன்று ஆறு கைகளும் அடுத்தவரைச் சுட்டுகின்றன.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி என்ன செய்யும் என்பதை நெல்லையும் தூத்துக்குடியும் கழுத்தளவு நின்று பார்த்தன. அதற்கு ஐந்தே மாதத்தில் பழைய குற்றாலம். இந்த ஆற்றின் கோபத்தைப் பற்றி முன்னெச்சரிக்கை போதவில்லை என்று இனி எந்த அதிகாரியும் சொல்லக் கூடாது.

நெல்லை, தென்காசி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அடுத்த சாரல் பருவம் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன், ஒவ்வொரு அருவிக்கும் ஒரே ஒரு அதிகாரியைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். திறப்பதும் மூடுவதும் ஆட்களை வெளியேற்றுவதும் அவர் கையில். துணியும் சோப்பும் உடை மாற்றும் அறையும் அவர் தலையில். அருவியில் வரும் வருமானத்தின் கணக்கு ஆண்டுக்கு ஒரு முறை பொதுவில் வைக்கப்பட வேண்டும். அந்த அதிகாரியின் பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி எண் மூன்றும் டிக்கெட் கவுன்டருக்கு மேலே, கட்டண விவரம் எழுதியிருக்கும் அதே அளவு எழுத்தில் எழுதப்பட வேண்டும். அதுவரை வசூலிக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் இரு மாவட்ட நிர்வாகங்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.