காபி போடத் தெரியாத சிங்கங்கள்

உங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் கெட்டில் இருக்கிறதா? நிச்சயம் இருக்கும். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. குழந்தைக்கு ஜுரம் என்றால் பரணிலிருந்து இறங்கும். ஜுரம் விட்டதும் மறுபடி ஏறிவிடும்.

இதே வீட்டுத் தலைவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் ஹோட்டலில் ரூம் போட்டால் என்ன செய்கிறார்? காலையில் எழுந்ததும் அங்கிருக்கும் கெட்டிலில் தண்ணீர் பிடித்து, டீ பேக்கைத் தொங்கவிட்டு, தானே கலந்து குடிக்கிறார். ஒரு முணுமுணுப்பு கிடையாது. வீடு திரும்பிய மறுநாளே கைகள் இரண்டும் ஸ்டிரைக் செய்கின்றன. ‘காபி ஆச்சா?’ என்கிற குரல் மட்டும் வேலை செய்கிறது.

கெட்டில் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறார்கள். மூன்றுமே சாக்கு.

முதல் சாக்கு, கரன்ட் பில். பி.காம். படித்தவனிடம் இதைச் சொல்லலாமா? ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட் ஆகும். 1,500 வாட் கெட்டிலில் நாலே நிமிஷம். தினம் ஒரு லிட்டர் என்றாலும் மாசத்துக்கு மூன்று யூனிட்தான். ஆளில்லாத ரூமில் 75 வாட் ஃபேன் 40 மணி நேரம் சுற்றினால் அதே மூன்று யூனிட். ஃபேனை அணைக்காதவர்கள் கெட்டிலைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள்!

இரண்டாவது, ருசி. டிகாக்‌ஷனுக்குத் தேவை நன்றாகக் கொதித்த தண்ணீர். அது எங்கே கொதித்தது என்று ஃபில்டருக்குத் தெரியாது. கெட்டிலில் ஆவி மேலேறி ஒரு உலோகப் பட்டையைச் சுட்டு வளைத்தால்தான் சுவிட்ச் அணையும். அதாவது, அரைகுறைச் சூட்டுக்கு இடமில்லை. அணைந்ததும் அரை நிமிஷம் பொறுத்து, தூளின் மேல் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். 20 நிமிஷத்தில் டிகாக்‌ஷன் ரெடி. டீயா? டஸ்ட் டீயை அடுப்பில் கொதிக்கக் கொதிக்க விட்டால் துவர்ப்புதான் ஏறும். கெட்டில் தண்ணீரை ஊற்றி மூன்று நிமிஷம் மூடிவைத்து, வடிகட்டி, சூடான பால் சேருங்கள். உண்மையில் ருசியைக் கெடுப்பது என்ன தெரியுமா? காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவிகிதம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். பாக்கி சிக்கரி. பழியோ கெட்டில் மேல்!

மூன்றாவது, பாரம்பரியம். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற புத்தகத்தைப் புரட்டுங்கள். நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த வீடுகளில் காபி நுழைந்தபோது, குடி கெட்டது என்று புலம்பியவர்கள் ஏராளம். அன்றைய வில்லன்தான் இன்றைய பாரம்பரியம். தானாக அணையும் கெட்டிலும் நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தில் ரஸ்ஸல் ஹாப்ஸ் கம்பெனி 1955-லேயே விற்றது.

நிஜக் காரணம் வேறு. அடுப்பில் காபி போடுவது ‘அவள் வேலை’. கெட்டில் வந்துவிட்டால் சுவிட்சைத் தட்டத் தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவிகிதம். ஆண்கள் 26.1 சதவிகிதம். அப்படிச் செய்தவர்களிலும் பெண்ணுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97 நிமிஷம். அந்த 299-ல், விடிவதற்கு முன் எழுந்து உங்களுக்குக் காபி போடும் நிமிஷங்களும் அடக்கம்.

ஒரு கெட்டிலால் குடும்பம் திருந்திவிடாதுதான். ஆனால், ஒரு பெண்மணி காலையில் கூடுதலாக அரை மணி தூங்கலாம். அது சின்ன விஷயமா?

ஆகவே, பரணிலிருந்து இறக்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் செருகுங்கள். பாலை மட்டும் அதில் ஊற்றாதீர்கள், அடிப்பிடித்து நாறிவிடும். பால் அடுப்பில்தான். அதற்கும் ஒரு தீப்பெட்டியோ லைட்டரோ போதும், மனைவி தேவையில்லை.

முக்கியமாக, கெட்டிலைச் சமையல் மேடையில் வைக்காதீர்கள். ஹாலில், நீங்கள் பேப்பர் படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள். கை நீட்டினால் எட்டவேண்டும், சார்!