ஒற்றைக் கண்ணைத் தேடுகிறவர்களே, அந்தப் பாட்டியைக் கண்டீர்களா?

பூண்டுலோயா உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசியுங்கள். திட்டுவதென்றால் வாசித்து முடித்த பிறகு திட்டுங்கள்.

போன கிழமை நம் ஊர் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பேசியவர் யாரென்று அனுப்பியவருக்கும் தெரியாது. 'என்ஜோய் எஞ்சாமி' பாட்டின் வீடியோவில் தஜ்ஜாலின் ஒற்றைக் கண் ஒளிந்திருக்கிறதாம், முக்கோணம் இருக்கிறதாம், இலுமினாட்டிகள் நம் பிள்ளைகளின் மூளையைக் கழுவுகிறார்களாம். அன்று இரவே ஒரு பெற்றார் எனக்கு அழைப்பு எடுத்தார். "ஸேர், நீங்க கிளாஸ்ல போட்டுக் காட்டினது இந்தப் பாட்டுத்தானே?" என்றார்.

ஆமாம், இந்தப் பாட்டுத்தான். தரம் 11 ஊடகக் கற்கை வகுப்பில் காட்டினேன். ஏன் காட்டினேன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுகிறேன். இசை கூடுமா கூடாதா என்று நான் இங்கே பேச வரவில்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். என் கேள்வி வேறு. நம் பிள்ளைகள் எப்படியும் ஒரு நாளைக்கு எத்தனையோ பாட்டு வீடியோக்களைப் பார்க்கிறார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, போர்வைக்குள் இருந்துகொண்டு பார்க்கிறார்கள். அந்தப் படங்களை வாசிக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது யார்? பெயர் தெரியாத குரல் பதிவா, வகுப்பறையா?

அந்தக் குரல் பதிவு கற்றுக்கொடுப்பது ஒரு விளையாட்டை மட்டுமே. வீடியோவை நிறுத்து, கண்ணைத் தேடு, முக்கோணத்தைத் தேடு, கிடைத்ததும் 'பார்த்தாயா' என்று சொல். தேடுகிறவனுக்கு எங்கும் கிடைக்கும். முகத்தின் பாதியில் நிழல் விழுந்தால் ஒற்றைக் கண். மலை உச்சியைக் காட்டினால் முக்கோணம். அப்படிப் பார்த்தால் நம் ஊரைச் சுற்றிலும் இலுமினாட்டிதான்.

உண்மையான இலுமினாட்டி 1776இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய ஒரு சங்கம். 1785இல் அந்நாட்டு அரசே அதைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் ஒரு டொலர் நோட்டில் இருக்கும் முக்கோணக் கண், 1782இல் ஏற்கப்பட்ட அந்நாட்டு முத்திரையின் பின்பக்கம். நோட்டில் அது ஏறியது 1935இல். பாடகர் ஜே-ஸீ இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டும் முக்கோணம் என்ன? அவருடைய ரொக்-எ-ஃபெல்லா இசைக் கம்பனியின் வைர அடையாளம். அதாவது விளம்பரம். இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். குரல் பதிவை அடுத்த குழுவுக்குத் தட்டிவிட ஒரு வினாடி போதும். நாம் ஒரு வினாடியைத்தான் தெரிவு செய்தோம். செய்தி ஒன்று வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குச் சொல்லியிருக்கும்போதே இப்படி.

சகோதரர்களே, அடையாளத்தைப் பார்த்ததும் அர்த்தத்தை முடிவு செய்வதால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

2019 மே மாதம். ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹசலக்க பகுதியில் நம் சகோதரி ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் செய்த குற்றம், சக்கரப் படம் போட்ட ஒரு சட்டையை அணிந்திருந்தது. அது தர்மச்சக்கரம், பௌத்தத்தை அவமதிக்கிறார் என்றார்கள். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். ஒரு நிமிடம் நின்று உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் நின்று பார்க்கவில்லை. அவர் விளக்கமறியலில் இருந்தார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல ஆண்டுகள் கடந்தன.

அன்று நாம் எவ்வளவு கொதித்தோம்! "இது என்ன அநியாயம், படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதா?" என்று கேட்டோம். இன்று அதே கேள்வியை நான் நம்மிடம் கேட்கிறேன். படத்தை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதா?

வீடியோக்களில் அடையாளங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கின்றன. ஆனால் அவை ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல, நம் முகத்துக்கு நேரே வைக்கப்பட்டவை. 2018இல் சைல்டிஷ் கம்பினோ என்ற அமெரிக்கப் பாடகரின் 'திஸ் இஸ் அமெரிக்கா' வீடியோ வெளிவந்தது. இயக்கியவர் ஹிரோ முராய். முன்னால் நடனம், பின்னால் கலவரம். நம் கண் நடனத்தின் பின்னாலேயே போகிறது. சுட்டு முடித்த துப்பாக்கியைச் சிவப்புத் துணியில் பக்குவமாக வாங்கிக்கொள்கிறார்கள், சுடப்பட்ட மனிதனைத் தரையில் இழுத்துப் போகிறார்கள். மனிதனைவிட ஆயுதத்துக்கு மரியாதை. இதைப் புரிந்துகொள்ள இரகசியச் சங்கம் எதுவும் தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும்.

நம் பெண்களைக் காட்டிய ஒன்றையும் பாருங்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள் மாயா என்கிற எம்.ஐ.ஏ. 2012இல் 'பேட் கேர்ள்ஸ்' வீடியோவை வெளியிட்டார். மொரோக்கோவில் எடுத்தது. முகம் மூடிய பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். சவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி இல்லாத காலம் அது. 2018 ஜூனில்தான் தடை நீங்கியது. அந்தப் பெண்களின் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தது ஒரு பேச்சு. அதே வீடியோவில் அரபிகள் என்றாலே பாலைவனம், துப்பாக்கி, கார்ச் சாகசம் என்று காட்டியது இன்னொரு பேச்சு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை யாரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

கொட்டகலை ஆசிரிய கலாசாலையில் படித்துவிட்டு வந்தவன் நான். சினிமாப் படிப்பு எதுவும் படிக்கவில்லை. வகுப்பில் நான் கொடுத்த பயிற்சி மிக எளிது. சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவைப் பாருங்கள். ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். சட்டத்துக்குள் யார் இருக்கிறார்? யார் இல்லை? கெமரா மேலிருந்து பார்க்கிறதா, கீழிருந்து பார்க்கிறதா, கண்ணுக்கு நேரே நிற்கிறதா? யாருடைய முகம் எத்தனை வினாடி நிற்கிறது? என்ன நிறம், எங்கே மாறுகிறது? பிறகு சத்தத்தைப் போட்டுப் பாருங்கள், என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன்.

2021 மார்ச் 7ஆம் திகதி வெளிவந்தது. பாடியவர்கள் தீ, அறிவு. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். உலகம் முழுதும் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நம் பிள்ளைகளும் டிக்டொக்கில் அதற்கு ஆடினார்கள். ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அது நம் மலையில் தொடங்கிய கதை என்று?

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். இதை அறிவே பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டிலேயே தன்னை அந்த அம்மாவின் பேரன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

அனுப்பப்பட்டவர் என்ற சொல்லை இளசுகள் சும்மா கடந்து போகக் கூடாது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மனிதர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஒரே லயத்தில் இருந்த அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கச்சி ஒரு நாட்டிலும்.

"அது தோட்டத்து ஆட்கள் கதை, நமக்கென்ன" என்று நம்மில் சிலர் சொல்லுவார்கள். என் வாப்பாவின் வாப்பா இந்த டவுனில் சில்லறைக் கடை வைத்திருந்தார். கடன் கொப்பி முழுக்கத் தோட்டத்துப் பெயர்கள்தான். இந்தியாவுக்குப் போனவர்கள் போகும் முன் கடைக்கு வந்து கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போனார்கள் என்று வாப்பா சொல்லுவார். கடைசிக் கணக்கைத் தீர்க்கும்போது அழுதவர்களும் உண்டாம். அவர்கள் பறித்த கொழுந்தில்தான் நம் கடையும் ஓடியது, நாமும் படித்தோம். இது நம் கதையும்தான்.

வீடியோவுக்குள் அந்த வள்ளியம்மாளே வருகிறார். அரியணை மாதிரியான ஒரு இருக்கையில் அமர்ந்திருக்கிறார். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, "என்ன தெரியுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின் வரிசையில், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையொன்று மெதுவாகச் சொன்னது: "ஸேர், இந்தப் பாட்டி குனியல."

சுப்ஹானல்லாஹ். எனக்கு அதற்கு மேல் சொல்லிக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். தேயிலைப் பெட்டியில், சுற்றுலா விளம்பரத்தில், போஸ்ட்காட்டில், கலியாண அல்பத்துக்குப் பின்னணியாக, நம் மலையில் எடுக்கும் சினிமாப் பாட்டில் தோட்டத்துப் பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள்? நெற்றியில் கூடைக் கயிறு, குனிந்த முதுகு, ஒரு சிரிப்பு. இப்போது ட்ரோன் வேறு வந்துவிட்டது. மேலே பறந்து பச்சையை மட்டும் காட்டும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் புள்ளிகள். லயத்துக் கூரையில் ஓட்டை தெரியாது, பீலியில் தண்ணீர் இல்லாதது தெரியாது. அழகான படம்தான். அழகுக்காகவே சிலவற்றை வெளியே தள்ளிய படம்.

அந்தப் பழக்கத்தை இந்த வீடியோ ஒரு இருக்கையால் உடைக்கிறது. கொழுந்து பறித்த அம்மா ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நிலம் கிடைக்காதவர்களின் அம்மாவுக்கு நிலத்தின் நடுவே அரியணை. இதுதான் அந்த வீடியோவின் 'இரகசிய அடையாளம்'. இதை விட்டுவிட்டு நாம் முக்கோணம் தேடிக்கொண்டிருந்தோம்.

அதே 2021 மார்ச்சில்தான் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கான வர்த்தமானியும் வந்தது. அந்த ஆயிரத்துக்காக நம் அயலவர்கள் எத்தனை வருடம் கத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உலகமே அந்தப் பாட்டுக்கு ஆடியது, மறுபக்கம் அந்தப் பாட்டியின் வாரிசுகள் ஆயிரம் ரூபாய்க்குக் காத்து நின்றார்கள். முன்னால் நடனம், பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னேனே, இதுதான் அது.

இன்னொன்றும் நடந்தது. 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா சஞ்சிகை இந்தப் பாட்டையும் பேசியது. அட்டையில் தீயும் இன்னொரு பாடகரும் இருந்தார்கள். பாட்டை எழுதிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் போன்றவர்கள் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பாட்டுக்கு யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பதில் பிறகு அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. சந்தோஷ் நாராயணனும் தன் விளக்கத்தைச் சொன்னார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்த அட்டையை என் மாணவர்களிடம் காட்டி இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்டேன். சட்டத்துக்குள் யார் இல்லை? பதில் சொல்ல அவர்களுக்கு மூன்று வினாடிதான் எடுத்தது.

பெற்றோரே, எனக்கு வேண்டியது இந்த மூன்று வினாடிதான். இதே பிள்ளை நாளைக்குத் தேர்தல் விளம்பரத்தைப் பார்க்கும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் வீடியோவைப் பார்க்கும், நம் சமூகத்தைப் பற்றி வெறுப்பாக வெட்டி ஒட்டிய துண்டுகளைப் பார்க்கும். அப்போது "இதில் யாரைக் காட்டவில்லை, ஏன் காட்டவில்லை?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை தப்பிக்கும். கண்ணும் முக்கோணமும் தேடப் பழகிய பிள்ளை அடுத்த குரல் பதிவுக்குக் காத்திருக்கும்.

வீடியோவை அழிக்கச் சொன்னவர்களுக்கு என் பதில்: நான் அழிக்கப் போவதில்லை. இன்ஷா அல்லாஹ் அடுத்த தவணையும் காட்டுவேன். விருப்பமான பெற்றார் வகுப்புக்கு வாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். இல்லாவிட்டால் இன்றிரவு வீட்டிலேயே சத்தத்தை நிறுத்தி ஒரு தடவை பாருங்கள். கண்ணைத் தேட வேண்டாம். அந்தப் பாட்டியைத் தேடுங்கள். பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக் கடன் கொப்பியில், உங்கள் உம்மா வாப்பாவின் ஞாபகத்தில் இப்படிப் போன பெயர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.