வெள்ளைத்தாளாய்ப் போன நாலு மாசம்

அந்தப் பெண்ணுக்கு வயசு 18. கல்லூரியில் முதல் வருஷம். எம். புதுப்பட்டியில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு அம்மாவும் அப்பாவும் கூட்டி வந்திருந்தார்கள்.

"முடி கொட்டுது சார். சரியா சாப்பிட மாட்டேங்குறா. கண்ணப் பாருங்க, எப்படி உள்ள போயிருச்சு. ரத்தம் ஊற எதாச்சும் குடுங்க" என்றார் அம்மா. நாடி பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சோகை கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த முகத்துக்குச் சோகை மட்டும் காரணமில்லை.

மடியில் தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அப்பா அதைப் பிடுங்கி என் மேஜையில் போட்டார். அவர் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்.

"இதுதான் சார் காரணம். ராத்திரி பூரா இதத்தான் படிக்கா. அதுவும் உருப்படியான புக்கு இல்ல. நடுவுல நாலு பக்கம் வெறும் வெள்ளைத்தாளு. எங்க பிரஸ்ல இப்படிப் போச்சுன்னா பார்ட்டி பண்டலோட திருப்பி அனுப்பிருவான்."

அதுவரை பேசாமல் இருந்த பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அது மிஸ்டேக் இல்ல சார். வேணும்னுதான் அப்படி விட்ருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்தப் பக்கந்தான்."

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டேன். படித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. என் இங்கிலீஷ் அப்படி!

புத்தகத்தின் பெயர் 'நியூ மூன்'. ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி 2006-ல் வந்தது. 2005-ல் வந்த 'ட்வைலைட்' நாவலின் இரண்டாம் பாகம். 2009-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கதை முழுக்கச் சொல்வார்கள். பெல்லா என்ற பெண் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவன் மனுஷனில்லை, ரத்தக் காட்டேரி. என்றைக்கும் 17 வயசு. பெல்லாவின் 18-வது பிறந்த நாளில் காகிதம் கீறி விரலில் ஒரு சொட்டு ரத்தம் வருகிறது. அதைப் பார்த்து அவன் குடும்பத்திலேயே ஒருவன் பாய்ந்துவிடுகிறான். 'நான் பக்கத்தில் இருந்தால் உனக்கு ஆபத்து' என்று முடிவு கட்டிக்கொண்டு எட்வர்ட் ஊரை விட்டே போய்விடுகிறான்.

அப்புறம்தான் அந்த வெள்ளைப் பக்கங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. பக்கத்துக்கு ஒரு மாசத்தின் பெயர். வேறு ஒரு எழுத்துக் கிடையாது.

இந்த இடத்தில் அந்த எழுத்தாளருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். மனம் ஒடிந்து என்னிடம் வருகிறவர்கள், 'எப்பயிருந்து இப்படி இருக்கு?' என்றால் முழிப்பார்கள். சாப்பிட்டது தெரியாது, தூங்கியது தெரியாது, தீபாவளி வந்து போனது தெரியாது. பட்டாசு ஊரில் இருந்துகொண்டு தீபாவளியையே மறக்கிற பிள்ளைகள்! இதைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட எழுதாமல் விட்டது நன்றாகப் புரிய வைத்துவிட்டது.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது 14 வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பில் தானாக எழுகிறவை, அடக்கக் கூடாதவை. பசி, தாகம், தும்மல், கொட்டாவி, தூக்கம் என்று போகும் அந்த வரிசையில் கண்ணீரும் ஒன்று. சிறுநீரை அடக்கினால் நோய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணீரை அடக்கினாலும் வரும் என்று சித்தர்கள் அதே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? 'எதுக்குடி மூக்கைச் சிந்துற, நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க' என்கிறோம். அழ விடாத வீட்டில் பிள்ளை ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு புத்தகத்துக்குள் போய் அழுகிறது. அதில் புத்தகத்தின் குற்றம் என்ன?

சரி, புத்தகத்தில் எனக்கு ஆகாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தனக்கு ஆபத்து நேரும்போதெல்லாம் எட்வர்டின் குரல் காதில் கேட்பதாக பெல்லாவுக்குத் தெரியவருகிறது. அந்தக் குரலுக்காகவே ஆபத்தைத் தேடிப் போகிறாள். முன்பின் தெரியாத ஆண்களிடம் போய் நிற்கிறாள், மோட்டார் சைக்கிளைத் தாறுமாறாக ஓட்டுகிறாள், கடைசியில் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். பிரிந்தவரின் குரல் காதில் கேட்பது போல் தோன்றுவது எப்போதும் நோயல்ல. புருஷனை இழந்த பாட்டிமார்கள் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலுக்காக உயிரைப் பணயம் வைப்பது வேறு. கதை அதைக் காதல் என்கிறது. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆபத்து என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். மருந்து அறைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது, நைலான் துணி கூடாது என்று தினம் தினம் பயந்து பிழைக்கிற ஊர் இது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. சத்தம் கேட்டு ஓடிப் போனவர்கள். இந்த மண்ணில் வளர்ந்த பெண்ணிடம் 'பாறையில் இருந்து குதித்தால் அவன் திரும்பி வருவான்' என்று ஒரு கதை சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கதையில் அவன் வரவும் செய்கிறானே!

நான் ஜேக்கப் கட்சி. கதையில் அவன் ஓநாயாக மாறுகிறவன், அது கிடக்கட்டும். உடைந்துபோய் வருகிற பெல்லாவோடு உட்கார்ந்து இரண்டு பழைய பைக்குகளைக் கழற்றி மாட்டுகிறான். கையில் கிரீஸ், வாயில் அரட்டை. அந்தக் கொட்டகையில்தான் அவள் மறுபடி சிரிக்கிறாள், பசிக்கிறது என்கிறாள். எந்த வைத்தியனும் அதைத்தான் எழுதிக் கொடுப்பான். கைக்கு வேலை, பக்கத்தில் ஒரு துணை, நேரத்துக்குச் சாப்பாடு. அமுக்கராச் சூரணம் கொடுத்தால் தூக்கம் வரும், மனசைத் தேற்ற அதற்குத் தெரியாது. (படித்துவிட்டு நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.)

எட்வர்டை நாம் திட்டலாம். ஆனால் அவன் செய்தது என்ன? 'உன் நல்லதுக்குத்தான்' என்று அவளைக் கேட்காமலே முடிவெடுத்தான். இந்த வசனம் எந்த வீட்டில் கேட்கவில்லை? போனைப் பிடுங்குவது, காலேஜை நிறுத்துவது, அவசரமாக ஜாதகத்தை எடுப்பது எல்லாம் நல்லதுக்குத்தானே!

இன்னொன்றும் செய்கிறோம். பெண் பிரமை பிடித்த மாதிரி உட்கார்ந்தால் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போகிறோம். மனக் கோளாறுகளைச் சித்த மருத்துவம் கிரிகை என்று பெயர் வைத்து 18 வகையாகப் பிரித்திருக்கிறது. அது நோய், மருந்து உண்டு என்று அன்றைக்கே எழுதி வைத்த நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் ஓட வழியில்லாமல் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. காட்டேரிக் கதையைப் படிக்கிற பிள்ளைக்கு அது கதை என்று தெரியும். நமக்குத்தான் பேய் நிஜம்.

இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஆசையாய்ச் செய்த எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுத்தேன், சோகைக்கு. மதுரையில் ஒரு மனநல மருத்துவருக்குக் கடிதமும் கொடுத்தேன். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வெள்ளைப் பக்கத்தைக் காட்டி, உனக்கு எத்தனை மாசம்மா இப்படிப் போச்சுன்னு கேளுங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க, புத்தி சொல்லாதீங்க" என்றேன். மனுஷர் தலையைச் சொறிந்தார்.

போன வாரம் அவர் மட்டும் வந்தார். "கேட்டேன் சார். மூணு மாசம்னா. நான் ஒண்ணும் பேசல. விடிய விடிய அவதான் பேசுனா" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அதுல மூணாம் பாகம் இருக்காம்ல சார், மதுரைல கிடைக்குமா?" என்று கேட்டார்.